காசு கட்டியாச்சு!

போன டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்று எழுதினால் என் கணவர் கோபித்துக்கொள்வார். அவர் பாஷையில் அது ‘கலந்துரையாடல்’. செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்கு வருட பாஸ் வாங்குவதா வேண்டாமா என்பதுதான் விஷயம்.

அவர் கணக்காளர். கைத்தொலைபேசியை எடுத்து நாலு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: “மூணாவது தடவை போனாத்தான் போட்ட காசு திரும்பும். நீ காலை நிகழ்ச்சி பண்றவ. நாலரைக்கு எழுந்து ஓடுற. மூணு தடவை போவியா?”

“போவேன்.”

“ஜிம்முக்கும் இப்படித்தான் சொன்ன.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த உடற்பயிற்சிக்கூடத்துக்கு வருடம் முழுக்கச் சந்தா கட்டிவிட்டு நான் போனது ஆறு தடவை. அதில் ஒரு தடவை மறந்துவைத்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனது.

இந்த வியாதி எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது ஒரு ஆறுதல். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது’ என்ற பொருள்படும் தலைப்பு அதற்கு. அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக்கூடங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். பத்து முறைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். எல்லாரும் நாளைக்கு நாம் நல்லவர்களாகிவிடுவோம் என்று நம்பி இன்றைக்குப் பணம் கட்டியவர்கள்.

எனவே வருட பாஸ் வாங்கினால் லாபம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், யாருக்கு லாபம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தும் வாங்கினேன். மூன்று பாஸ். எனக்கு ஒன்று, இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த மகளுக்கு ஒன்று. மூன்றாவது கணவருக்கு என்று நினைப்பீர்கள். இல்லை, என் அப்பாவுக்கு.

அம்மா போய் அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகும் இருவரும் சேர்ந்து பேருந்து ஏறி எங்கேயாவது போய்விட்டு வருவார்கள். அம்மா போன பிறகு அவருடைய சிங்கப்பூர் ரொம்பச் சின்னதாகிவிட்டது. புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடை, அதை விட்டால் வீட்டுத் தொலைக்காட்சி. “வாங்கப்பா, கடற்கரைக்குப் போகலாம்” என்றால், “நீங்க போயிட்டு வாங்கம்மா.” கோவிலுக்கு என்றாலும் அதே பதில். சமூக மன்றத்தில் மூத்தோருக்கான வகுப்பு இருக்கிறது என்று கையேட்டை நீட்டினால், அதை மடித்து மேசைக் காலுக்கு அண்டை கொடுத்துவிடுவார்.

அவரை அசைக்கக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்று இருக்கிறது என்பது எனக்கு 2001இலிருந்து தெரியும்.

பாசிர் ரிஸில் அப்போது எஸ்கேப் கேளிக்கைப் பூங்கா இருந்தது. 2000இல் திறந்து 2011இல் மூடினார்கள். இப்போது முப்பதுகளில் இருப்பவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் முகம் மலரும். ஒரு டிசம்பர் விடுமுறையில் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போனார். நாலு பேருக்கு டிக்கெட். அவருடைய சம்பளத்துக்கு அது சின்னக் காசில்லை. உள்ளே போனதும் வரைபடத்தைக் கையில் எடுத்தவர், பேருந்து கால அட்டவணையைப் பார்ப்பதுபோல் பார்த்து வரிசைப்படி எங்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தார். பிற்பகல் நாலு மணிக்கு அம்மாவுக்குக் கால் வலி. “போதுங்க, கிளம்பலாம்” என்றார். அப்பா சொன்னார்: “காசு கட்டியாச்சு.”

நான் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிவிட்டு மறுபடியும் வரிசையில் நின்றோம். தம்பி அழுதான். அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து நின்றோம். மூடும் நேரம் வரைக்கும் இருந்துவிட்டு பேருந்தில் திரும்பியபோது வீடு வரும்வரை அம்மாவும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பத்தோடு சந்தோஷமாக இருக்கத்தான் போனோம்.

அப்பாமீது குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாள் டிக்கெட்டின் சுபாவமே அதுதான். வாசலில் மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அதன் பிறகு உள்ளே செலவழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்கும் முயற்சியாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் இப்படி இல்லை. காலாங்கில் 1969 முதல் 1988 வரை வொண்டர்லேண்ட் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் அங்கே போவார்களாம். “ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு. ரெண்டுல ஏறுவோம், கச்சான் வாங்கித் தின்போம், வந்துருவோம்” என்பார் அப்பா. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட்கூட 1955இல் திறந்த காலத்தில் அப்படித்தான். நுழைவுக்கு ஒரு காசு, ஏறும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம் விற்றார்கள். ஆகச் சிறந்த விளையாட்டுகளுக்கான ‘ஈ’ சீட்டு 1959இல் வந்தது. 1982 வரை அந்த முறை ஓடியது. அதற்குப் பிறகுதான் ஒரே விலை கொடுத்து எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்றானது.

ஆக, போன டிசம்பரில் பாஸை அப்பா கையில் கொடுத்தேன். “எனக்கு எதுக்கும்மா இது? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“காசு கட்டியாச்சுப்பா. திருப்பித் தர மாட்டாங்க.”

ஒரு நிமிடம் பாஸைப் பார்த்தார். “என்ன விலை?” சொன்னேன். “மூணு பேருக்குமா?” “ஒருத்தருக்கு.” எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் நான் பயந்தபடியே நடந்தது. கையில் வரைபடம், கண்ணில் கடிகாரம். ஆறு மணி நேரம் இருந்தோம். மகள் திரும்பும் வழியில் என் தோளில் தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். மளிகைக் கடைக் கடன் எழுதும் அந்தக் குட்டிப் புத்தகம் இன்னும் விற்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தேதி எழுதி, பக்கத்தில் ‘1’ என்று போட்டார். பாஸின் விலையை ஒன்றால் வகுத்து அதையும் எழுதினார்.

இரண்டாவது தடவைதான் திருப்பம். ஜனவரி மாதம், பள்ளி விட்டு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலு மணிக்கு இடி இடிக்க ஆரம்பித்தது. நம் ஊரில் வருடத்தில் 150 நாள்களுக்கு மேல் இடி இடிக்கும். மின்னல் வந்தால் வெட்டவெளியில் இருக்கும் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஹாலிவுட், நியூயார்க் பகுதிகளில் தெருவுக்கு மேலே பெரிய கூரை உண்டு. அதற்குக் கீழே கூட்டம் நின்றது. எங்களுக்குப் பக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். மறுநாள் அவர்களுக்கு விமானம். அந்தத் தகப்பனார் நிமிடத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் எரிந்து விழுந்தார். எனக்கு 2001 நினைவு வந்தது.

அப்பாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னார்: “கிளம்பலாமா? இன்னொரு நாள் வந்துக்கலாம்.”

என் அப்பா வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். எதிலும் ஏறவில்லை. 555இல் ‘2’ என்று எழுதினார், அவ்வளவுதான்.

வருட பாஸின் பலன்கள் என்று விளம்பரத்தில் போடுவார்களே, உணவில் கழிவு, கடையில் கழிவு என்று, அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கழிவு கிடைக்கிறதே என்று வாங்கிய பொருள்களை வைத்து எங்கள் வீட்டில் ஒரு அலமாரி நிறைந்திருக்கிறது. கிளம்பிவிடலாம் என்ற அந்த அனுமதிதான் எனக்குப் பெரிது. அரைமணி நேரம் போதும் என்றால் அரைமணி நேரம். வரிசை அறுபது நிமிடம் என்று பலகை காட்டினால், “அடுத்த தடவை” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நடக்கலாம். பிள்ளை சிணுங்க ஆரம்பிக்கும்முன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் எல்லாருக்கும் தெரியும், சிணுங்கலுக்கு முந்திய அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று.

பிப்ரவரி வாக்கில் எங்களுக்கு ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, வார நாளில், பள்ளி விட்ட பிறகு. முதலில் ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் சியா இம் உணவங்காடி நிலையத்தில் சாப்பாடு. பூங்காவுக்குள் விற்கும் விலைக்கு அப்பா சம்மதிக்க மாட்டார். பிறகு விவோசிட்டியிலிருந்து செந்தோசாவுக்கு நடைபாதை வழியே நடை. ரயிலில் போனால் நாலு வெள்ளி, நடந்தால் காசில்லை. “கால் இருக்குல்ல” என்பார். ஒரு வருடமாகக் கோப்பிக் கடையைத் தாண்டாத கால் அது. முதல் மாதம் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஏப்ரலில் மகளோடு போட்டிபோட்டு நடந்தார். மருத்துவர் சொல்லியும் நடக்காதவர், நாலு வெள்ளி மிச்சம் பிடிக்க நடந்தார்.

உள்ளே போனதும் பழைய எகிப்துப் பகுதிக்கு நேராகப் போவோம். அங்கே இரண்டு விஷயம். ஒன்று, ‘டிரெஷர் ஹன்டர்ஸ்’. பழைய ஜீப் மாதிரி ஒரு வண்டி, தண்டவாளத்தில் ஆமை வேகத்தில் சிலைகளுக்கு இடையே போய்வரும். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வண்டி தானாகத்தான் ஓடுகிறது என்று தெரிந்தும் வளைவு வரும்போதெல்லாம் திருப்புவார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்” என்று மணி அடிப்பாள்.

இன்னொன்று உயரம் அளக்கும் கம்பு. ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’ என்ற ரோலர் கோஸ்டரில் ஏற 122 செண்டிமீட்டர் உயரம் வேண்டும். முழுக்க இருட்டுக்குள்ளேயே ஓடும், நடுவில் பின்னோக்கியும் இழுத்துக்கொண்டு போகும் வண்டி. போன டிசம்பரில் இவள் 117. அந்தக் கம்புக்குக் கீழே நின்று தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கையால் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அங்கே போய் நிற்பாள். செருப்பின் அடியில் அட்டை வைத்துப் பார்த்தாள். கொண்டையை உயர்த்திக் கட்டச் சொன்னாள். பால் குடிக்க மாட்டேன் என்றவள் இரண்டு வேளை குடித்தாள். தொடக்கநிலை ஒன்றில் மதிப்பெண் போடும் தேர்வு இல்லை என்பதால், அவளுக்கு இந்த ஆண்டின் ஒரே தேர்வு அதுதான்.

அவர்கள் இருவரும் ஜீப்பில் சுற்றும்போது நான் ஏரிக்கரையோர இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். காலை நாலரைக்கு எழுந்த உடம்புக்கு அது ஒரு வரம். வானொலிக்காரிக்குக் கண்ணை மூடினாலும் காது மூடாது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடக்கும்போது பின்னணி இசை எங்கே மாறுகிறது என்று முதல் தடவை போனவர்களுக்குத் தெரியாது. அவ்வளவு பக்குவமாக ஒன்றைத் தணித்து இன்னொன்றை ஏற்றியிருக்கிறார்கள். நாங்கள் நிலையத்தில் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும்போது செய்கிற அதே வேலை. ஏழாவது தடவைக்குப் பிறகு எந்த வாத்தியம் எந்தத் திருப்பத்தில் மறையும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவிலிருந்து வரும் அலறலை வைத்து வண்டி எந்த வளைவில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுவேன். உலகத்துக்குப் பயன்படாத திறமை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பாஸ் எல்லா நாளும் செல்லாது. கூட்டம் அதிகம் வரும் நாள்களை விலக்கிவைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை நான் படிக்கவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மூவரும் வாசல்வரை போய், உலக உருண்டைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். முழுத் தவறும் என்னுடையது. மகள் அழுதாள். அப்பா மட்டும், “இதை எண்ணிக்கையில சேக்கலாமா?” என்று கேட்டார். அதோடு, அலுவலக நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வார நாள் பிற்பகல் கிடைக்காது. சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் வாங்கும்முன் விலக்கு நாள்களைக் காலண்டரில் குறித்துப் பாருங்கள். மிச்சம் எத்தனை சனிக்கிழமை என்று எண்ணிப் பாருங்கள். நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நுழைவு இலவசம், அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தூரமும் முக்கியம். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து போகிறவர் நாற்பது நிமிடத்தில் திரும்ப மாட்டார். அவருக்கு வருட பாஸும் ஒரு நாள் டிக்கெட் மாதிரிதான் ஆகும்.

காசு கட்டினால் போயே ஆக வேண்டும் என்ற உந்துதல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்டது. ஒரு நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. கொடுத்த காசு மறந்துபோகிறது.

எங்கள் வீட்டிலும் நடந்தது. ஜூன் மாதம் 555 புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் வகுத்த கணக்கு இருந்தது. மார்ச்சோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு தேதியும் மகளின் உயரமும் மட்டும். 118. 118. 118½. சில தேதிகளில் ‘மழை’. ஒரு தேதியில் ‘கல்யாண நாள்’ என்று இருந்தது. அப்பா அம்மாவின் கல்யாண நாள் அது. அன்றைக்கும் போயிருந்தோம், எனக்கு நினைவில்லை. அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை. ஜீப்பில் இரண்டு தடவை ஏறினார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பதினேழாவது வருகையில், மகளின் தலை கோட்டைத் தொட்டது. அங்கே வேலை செய்யும் பெண் குனிந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். இவள் துள்ளிய துள்ளலில் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பா வெளியே காத்திருக்க, நானும் இவளும் ஏறினோம். இருட்டில் என் கையைப் பிடித்தவள் முடியும்வரை விடவில்லை. நகக்குறி இரண்டு நாள் இருந்தது.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தாத்தாவைப் போய்க் கட்டிக்கொண்டாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“ஓகே தாத்தா.” கொஞ்சம் யோசித்தாள். “ஜீப்புல போலாமா?”

பதினொரு மாதம் காத்திருந்து, மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஒரு நாள் டிக்கெட் என்றால் நானே, “இன்னொரு தடவை ஏறு, இவ்வளவு தூரம் வந்துட்டு” என்று தள்ளியிருப்பேன் என்று நினைக்கிறேன். என் உடம்பிலும் அப்பாவின் ரத்தம்தானே ஓடுகிறது. அன்றைக்கு மூன்று பேருமே ஜீப்பில் போனோம்.

பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. மறுபடியும் கலந்துரையாடல் நடக்கிறது. கணவர் இந்தத் தடவை மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்குச் சந்தா எடுக்கலாம், வார இறுதியில் நானும் வரலாம் என்கிறார். மகள் இரண்டும் வேண்டும் என்கிறாள். பேட்டில்ஸ்டாருக்கு 125 என்று எங்கேயோ படித்துவிட்டாள், அதில் ஏறும் எண்ணம் இல்லையாம், அளந்து மட்டும் பார்க்க வேண்டுமாம். அப்பாவிடம் கேட்டேன்.

“எதுன்னாலும் சரிம்மா. அங்க உக்கார இடம் இருக்குமா?”

நிறைய இருக்கிறது என்றேன். எப்போது காசு கட்ட வேண்டும் என்று கேட்டார்.